டிஜே பார்ட்டியில் மப்டி போலீஸ்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் என் செல்போனுக்கு ஓய்வு கிடையாது. முட்டம், சொத்தவிளை, தேங்காப்பட்டணம் பக்கம் கடற்கரை விடுதிகளில் புத்தாண்டு டிஜே. மலையோரம் போனால் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஸ்பீக்கரை இறக்கி, விடியவிடிய ஆட்டம். ஜனவரி முதல் தேதி காலையில் யாராவது ஒரு அம்மா அழைப்பார்: "சாரே, பிள்ளைய ஸ்டேஷன்ல வச்சிருக்காவ." பிள்ளையிடம் பேசினால் கிட்டத்தட்ட ஒரே கதை. "பக்கத்துல ஆடிட்டு நின்னவன்தான் சார் போலீஸ். அவன்தான் கேட்டான், அவன்தான் காசு தந்தான், அப்புறம் அவனே பிடிச்சான். இது எந்த ஊர் நியாயம்?"

நாகர்கோவில் நீதிமன்றத்தில் வக்கீலாக இருப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லியிருக்கிறேன். அதோடு ஒட்டி வரும் மற்றக் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் வழக்குக்கு இதுவே தீர்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எஃப்ஐஆரையும், சோதனையும் பறிமுதலும் நடந்த விதத்தைப் போலீஸ் எழுதிவைக்கும் மகஜரையும் கையில் வைத்துப் பார்க்காமல் எந்த வக்கீலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

மப்டியில் வந்து எங்களோடு ஆடப் போலீசுக்கு அதிகாரம் இருக்கிறதா?

இருக்கிறது. மண்டைக்காடு கொடைக்கும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் போனவர்களுக்கு இது புதிதல்ல. சங்கிலி அறுப்பவனைப் பிடிக்க வேட்டி கட்டிக்கொண்டு, கையில் கடலைப் பொட்டலத்தோடு கூட்டத்தில் நிற்கும் காவலர்களை நாமே அடையாளம் கண்டு சிரித்திருக்கிறோம். டிஜேயில் வேட்டிக்குப் பதில் பூப்போட்ட சட்டை, அவ்வளவுதான். டிக்கெட் எடுத்து உள்ளே வந்து நின்று பார்ப்பதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை.

ஆனால் கைது செய்கிற நிமிடத்தில் வேடம் கலைந்துவிட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்கிறது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள நபர் ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும்.

"நீங்க போலீஸா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டுமாமே?

இல்லை. இது எந்த நாட்டிலிருந்து கிளம்பிய கதையோ தெரியாது, நம்ம ஊர்க் கல்லூரி விடுதி வரை வந்துவிட்டது. இங்கேயும் அப்படிச் சட்டம் இல்லை, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இல்லை. "போலீஸ் இல்லை" என்று அவர் பொய் சொன்னதால் மட்டும் எந்த வழக்கும் விழாது.

சரி, என்ட்ராப்மென்ட் என்றால் என்ன?

தமிழில் 'பொறிவைத்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. நம் மொழியிலேயே இதைவிட நல்ல வெளிச்சம் இருக்கிறது. 'தூண்டில்' என்ற சொல்லும் 'தூண்டிவிடுதல்' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரை தேடி வரும் மீனுக்குத் தூண்டில் போடுவது ஒன்று; தன் பாட்டுக்கு ஒதுங்கிக் கிடப்பவனை நச்சரித்து, ஆசை காட்டி, இல்லாத எண்ணத்தை மனதில் நட்டு, அவன் செய்ததும் பிடிப்பது வேறொன்று. இரண்டாவதுதான் என்ட்ராப்மென்ட். முதலாவது வெறும் மாறுவேடம்.

கோடு எங்கே விழுகிறது என்பதை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 2001-இல் ஒரே தீர்ப்பில் இரண்டு வழக்குகளை வைத்துக் காட்டியது. அது அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் போன்றது. முதல் வழக்கில், லூஸ்லி என்பவருக்கு மாறுவேடப் போலீஸ்காரர் போன் போட்டு ஹெராயின் கேட்டார். அவர் தயக்கமே இல்லாமல் விலை சொல்லி, கொடுத்தும்விட்டார். தண்டனை நின்றது. இன்னொரு வழக்கில், போலீஸ்காரர்கள் ஒருவருக்கு மலிவு விலையில் கடத்தல் சிகரெட் கொடுத்துப் பழகினார்கள். நடுநடுவே ஹெராயின் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆளுக்கு ஹெராயின் தொழிலே இல்லை. சிகரெட் தரும் நண்பர்களுக்கு ஓர் உபகாரம் என்று கடைசியில் எங்கோ வாங்கிக் கொடுத்தார். இந்த வழக்கை நடத்தவே கூடாது என்று கீழ்க்கோர்ட் நிறுத்திவைத்தது சரிதான் என்றார்கள் பிரபுக்கள். சாதாரண வாடிக்கையாளன் கேட்பது போல் கேட்டாரா, அதைத் தாண்டிப் போனாரா என்பதுதான் அங்கே அளவுகோல்.

அமெரிக்காவில் 1958-இல் ஷெர்மன் வழக்கு. போதைப் பழக்கத்தை விடுவதற்காக டாக்டரிடம் போன ஒருவர், அங்கே இன்னொரு நோயாளியைச் சந்திக்கிறார். அந்த நோயாளி போலீசின் இன்பார்மர். "என்னால் தாங்க முடியவில்லை, எங்கேயாவது வாங்கிக் கொடு" என்று திரும்பத் திரும்பக் கெஞ்ச, இவர் முதலில் மறுத்து, பிறகு இரங்கி வாங்கிக் கொடுக்கிறார். தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அங்கே குற்றம் செய்யும் மனநிலை அவருக்கு ஏற்கெனவே இருந்ததா என்று பார்ப்பார்கள்.

இந்தியாவில் 'போலீஸ்தான் தூண்டினார்' என்று சொன்னால் விடுதலை கிடைக்குமா?

அந்த ஒரு வரியால் மட்டும் கிடைக்காது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இல்லை, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை, போதைப்பொருள் தடுப்புச் சட்டமான 1985-ஆம் ஆண்டு என்டிபிஎஸ் சட்டத்திலும் இல்லை; என்ட்ராப்மென்ட் என்று தனியாக ஒரு தற்காப்பு எங்கும் எழுதப்படவில்லை. அமெரிக்கப் படம் பார்த்துவிட்டு வரும் பையன்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் வாடிவிடும்.

ஆனால் நம் நீதிமன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டும் இல்லை. லஞ்ச வழக்குகளில்தான் இந்தச் சிந்தனை வளர்ந்தது. ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்து லஞ்ச ஒழிப்புத் துறை பிடிப்பதைச் செய்தித்தாளில் வாரந்தோறும் படிக்கிறோம். அங்கே அதிகாரி முன்பே லஞ்சம் கேட்டுவிட்டார். பொறி பிறகுதான் வருகிறது. அது செல்லும். 1954-இல் ராவ் சிவ் பகதூர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கொடுப்பவனிடம் காசே இல்லாதபோது போலீசே லஞ்சப் பணத்தையும் கொடுத்து ஒரு குற்றத்தை நடக்கவைப்பதற்கு நியாயம் இல்லை என்று கண்டித்தது. 1956-இல், நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருஷம், ராம்ஜனம் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். ஒருவனுக்குக் குற்றப்போக்கு இருந்தாலும்கூட, அவன் தாங்கும் சக்திக்கு மீறி வேண்டுமென்றே ஆசைகாட்டப்பட மாட்டான் என்று எதிர்பார்க்க அவனுக்கு உரிமை உண்டு. அதிலும் சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே அதைச் செய்யக்கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம். எழுபது வருஷம் ஆகிவிட்டது, இன்றும் நான் வாதத்தில் இதைத்தான் முதலில் எடுத்து வைக்கிறேன்.

இதனால் நடைமுறையில் என்ன பலன்? 1958-இல் பசாவன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பொறிவைக்கப் போனவர்கள் கூட்டுக் குற்றவாளிகள் அல்ல, ஆனால் வழக்கு ஜெயிக்க வேண்டும் என்ற அக்கறை உள்ள சாட்சிகள், ஆகவே அவர்கள் சொல்வதைக் கவனமாக எடைபோட வேண்டும் என்றது. 2014-இல் ரஜத் பிரசாத் வழக்கில், ரகசியக் கேமரா வைத்துப் பிடிக்கும் ஸ்டிங் வேலைகளைப் பற்றிப் பேசியபோது, இதற்கெல்லாம் ஒரே விதி கிடையாது, ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆக, தூண்டுதல் என்பது இங்கே கதவைத் திறக்கும் சாவி அல்ல. போலீசின் கதையை நம்பலாமா என்ற கேள்வியில் அது வேலை செய்யும், ஜாமீனில் செய்யும், தண்டனை எவ்வளவு என்பதிலும் செய்யும்.

ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

நான் பார்த்த இரண்டு மூன்று வழக்குகளைக் கலந்து, ஆள் தெரியாதபடி சொல்கிறேன். மொபைல் கடையில் வேலை பார்க்கும் பையன். ஒரு டிஜேயில் அறிமுகமான 'அண்ணன்' ஒருவர் வாட்ஸ்அப்பில் வருகிறார். "மக்கா, ஒரே ஒரு பொட்டலம் வாங்கித் தா டே." பையன் பதில்: "எனக்கு ஆள் தெரியாது அண்ணே." இரண்டு நாள் கழித்து மறுபடி. "நீ நெனச்சா முடியும்." மறுபடியும் இல்லை என்கிறான். நாலாவது தடவை, "பெங்களூருல இருந்து நம்ம ஆளுவ வாராவ, மானத்தக் காப்பாத்து" என்று இரண்டாயிரம் ரூபாயைக் கேட்காமலேயே கணக்கில் போட்டுவிடுகிறார். பையன் யார் யாரிடமோ விசாரித்து, 40 கிராம் கஞ்சா வாங்கிக்கொண்டு விடுதி வாசலுக்குப் போகிறான். அங்கே 'அண்ணன்' மூன்று பேரோடு நிற்கிறார்.

இப்போது மகஜரைப் படியுங்கள்: "ரோந்துப் பணியில் இருந்தபோது மேற்படி நபர் எங்களைக் கண்டதும் தப்பியோட முயன்றார்." வாட்ஸ்அப் இல்லை, அண்ணன் இல்லை, இரண்டாயிரம் ரூபாயும் இல்லை. குமரி மாவட்டத்தில் மட்டுமல்ல, எல்லா இடத்திலும் கஞ்சா வழக்கு மகஜர்களில் யாரோ ஒருவர் எப்போதும் தப்பியோட முயல்வார்.

பையன் போனிலிருந்த செய்திகளை, மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்தோம். பணம் வந்த நேரத்தை வங்கிக் கணக்கு காட்டியது. குறுக்கு விசாரணையில் "இந்த நம்பர் யாருடையது?" என்று கேட்டதற்கு எஸ்.ஐ. தண்ணீர் குடித்தார். விடுதலைத் தீர்ப்பில் தூண்டுதல் என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. பறிமுதல் நடந்த விதம் பற்றிய அரசுத் தரப்பின் கதை நம்பத்தகுந்ததாக இல்லை என்றுதான் இருந்தது. நான் சொல்ல வருவது அதைத்தான். பையன்கள் பயந்துபோய் முதலில் செய்வது செய்திகளை அழிப்பது. மறுத்துப் பேசிய செய்திகளும் அதோடு சேர்ந்து போய்விடும்.

நண்பனுக்கு வாங்கிக் கொடுத்தேன், ஒரு பைசா லாபம் எடுக்கவில்லை. அதுவும் குற்றமா?

குற்றம்தான். என்டிபிஎஸ் சட்டம் லாபத்தைப் பார்ப்பதில்லை. வைத்திருப்பது, வாங்குவது, கொண்டுபோவது, விற்பது எல்லாமே தடை. மாறுவேடத்தில் வரும் போலீசுக்குப் பெரும்பாலும் சிக்குவது உண்மையான வியாபாரி அல்ல, இந்த உபகாரிதான். வியாபாரிக்கு ஆள் பார்த்துப் பழக்கம் இருக்கும். நட்புக்காக ஓடுகிறவனுக்கு இருக்காது.

எவ்வளவு இருந்தால் எவ்வளவு தண்டனை?

சிறிய அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்டது என மூன்று படிகள். கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ வரை, வணிக அளவு 20 கிலோ. இதைக் கேட்டுப் பையன்கள் தைரியமாகிவிடுகிறார்கள். பார்ட்டி மாத்திரைகளுக்கு வந்தால் கணக்கே வேறு. எம்டிஎம்ஏவுக்குச் சிறிய அளவு வெறும் 0.5 கிராம், 10 கிராம் வந்தாலே வணிக அளவு. எல்எஸ்டிக்கு 0.002 கிராமும் 0.1 கிராமும். கொக்கைனுக்கு 2 கிராமும் 100 கிராமும். அதில் பாதி மாவுதானே என்றும் சொல்ல முடியாது. கலப்படத்தையும் சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது.

சிறிய அளவு என்றால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்டது என்றால் பத்து வருடம் வரை, ஒரு லட்சம் வரை அபராதம். வணிக அளவு என்றால் குறைந்தது பத்து வருடம், அதிகபட்சம் இருபது. வணிக அளவில் என்டிபிஎஸ் சட்டத்தின் 37-ஆம் பிரிவு (இனி சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் எல்லாம் இந்தச் சட்டத்துடையவை) குறுக்கே நிற்கும்: நீங்கள் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது என நீதிபதிக்கே திருப்தி ஏற்பட்டால்தான் ஜாமீன். வெறுமனே உட்கொண்டதற்கு 27-ஆம் பிரிவில், கஞ்சா போன்றவற்றுக்கு ஆறு மாதம் வரை, கொக்கைன், ஹெராயின் போன்றவற்றுக்கு ஒரு வருடம் வரை.

நான் சும்மா ஆடிக்கொண்டிருந்தேன். என் பையில் ஒன்றும் இல்லை. என்னையும் ஏன் வண்டியில் ஏற்றினார்கள்?

விசாரிப்பதற்காக ஏற்றியிருக்கலாம். ஆனால் பார்ட்டியில் இருந்ததே குற்றம் என்று என்டிபிஎஸ் சட்டம் சொல்லவில்லை. பொருள் உங்கள் கையிலோ கட்டுப்பாட்டிலோ இருந்திருக்க வேண்டும், அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும். அல்லது சதியில் பங்கு இருந்ததை 29-ஆம் பிரிவின்கீழ் காட்ட வேண்டும். உங்களிடமிருந்து பொருள் எடுக்கப்பட்டது என்று அரசுத் தரப்பு முதலில் நிரூபித்துவிட்டால், அப்புறம் சுமை உங்கள் பக்கம் சாயும் என்பதையும் மறக்க வேண்டாம். 35, 54 ஆகிய பிரிவுகள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன.

2021 அக்டோபரில் மும்பையில் ஒரு சொகுசுக் கப்பலில் நடந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் பயணிகளைப் போல ஏறிச் சோதனை நடத்தினார்கள். பிரபல நடிகரின் மகனிடம் எதுவும் எடுக்கப்படவில்லை. இருந்தும் நான்கு வாரம் போல் உள்ளே இருந்தார். சதிக்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2022 மே மாதம் அந்தப் பிரிவே போதிய ஆதாரம் இல்லை என்று குற்றப்பத்திரிகையில் அவரைச் சேர்க்கவில்லை. அவருக்கு நாட்டின் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். இரணியலிலிருந்து பஸ் ஏறி வரும் அம்மாவுக்கு அந்த வசதி இல்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

என் உடம்பைச் சோதிக்கும் முன் போலீஸ் என்ன சொல்ல வேண்டும்?

இதுதான் நான் அதிக நேரம் செலவிடும் கேள்வி. முக்கால்வாசி வழக்குகளின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

50-ஆம் பிரிவின்படி, உங்கள் உடலைச் சோதிக்கும் முன், "ஒரு கெஜட்டட் அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு" என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். 1999-இல் பல்தேவ் சிங் வழக்கிலும், 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கிலும் அரசியல் சாசன அமர்வுகள் இதை உறுதி செய்தன. ஏறக்குறையச் சொன்னேன் என்பது போதாது, அப்படியே பின்பற்றியிருக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாள். பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகிய இடங்கள் மட்டும் காலி. "நீங்களே சோதிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை" என்ற வாசகம் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு, பைக் ஹெட்லைட் வெளிச்சத்தில், பானெட் மேல் வைத்துக் கையெழுத்து. ஒருமுறை ஐந்து பேருக்கும் ஒரே தாளில் வாங்கியிருந்தார்கள். 2014-இல் பரமானந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தவறு என்றது: உரிமையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், "மாஜிஸ்திரேட் வேண்டுமா, கெஜட்டட் அதிகாரி வேண்டுமா, இல்லை எங்களோடு வந்த அதிகாரியே போதுமா" என்று மூன்றாவது வழியைக் காட்டவும் கூடாது.

ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு உடம்புக்கு மட்டும்தான். தோளில் தொங்கும் பை, பைக் டேங்க் கவர், கார் டிக்கி எதுவும் 'உடம்பு' ஆகாது என்று 2005-இலேயே பவன் குமார் வழக்கில் சொல்லியாகிவிட்டது. பேண்ட் பாக்கெட்டில் இருந்ததா பையில் இருந்ததா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிஎன்எஸ்எஸ் 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். வீடியோ எங்கே என்று முதல் நாளே கேளுங்கள்.

ராத்திரி நேரத்தில் வாரண்ட் இல்லாமல் விடுதிக்குள் வரலாமா?

டிக்கெட் போட்டு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நடத்தியிருந்தால் அது பொது இடம். 43-ஆம் பிரிவு போதும், வாரண்ட் தேவைப்படாது. தனி வீடு என்றால் 42-ஆம் பிரிவு. சூரியன் மறைந்த பிறகு உள்ளே நுழைய, வாரண்ட் வாங்கப் போனால் ஆதாரம் மறைக்கப்பட்டுவிடும் என்று நம்பக் காரணம் என்ன என்பதை எழுதிவைக்க வேண்டும், அதன் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் விழுந்த வழக்குகள் ஏராளம்.

எங்களைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று கோர்ட்டில் கேட்க முடியுமா?

கேட்கலாம், பதில் வராது. தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 68-ஆம் பிரிவு. ஆனால் தகவல் சொன்னவர் வேறு, உங்களிடம் நேரில் பேசி, பணம் கொடுத்து, பொருளை வாங்கியவர் வேறு. இரண்டாமவர் சம்பவத்தின் ஒரு பாத்திரம். அவரைச் சாட்சியாகக் கொண்டுவராமல் கதையை முடிக்கப் பார்த்தால், அந்த ஓட்டையை உங்கள் வக்கீல் பெரிதாக்க வேண்டும்.

அந்த மப்டிக்காரரும் எங்களோடு சேர்ந்து இழுத்தாரே?

அதை அனுமதிக்கும் பிரிவு எதுவும் என்டிபிஎஸ் சட்டத்தில் இல்லை. ஆனால் அவர் தவறு செய்தார் என்பது உங்கள் தவறை அழிக்காது. அவர் சாட்சிக்கூண்டில் ஏறும்போது கேட்க வேண்டிய கேள்வியாக அதை வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷனில் வைத்துக் கேட்க வேண்டாம்.

பெண்களுக்கு வேறு விதி உண்டா?

உண்டு. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். இதற்கு விதிவிலக்கே இல்லை. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் பெண்ணைக் கைது செய்வதானால், அசாதாரணமான சூழ்நிலை இருக்க வேண்டும், பெண் காவலர் இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள், ஆணோ பெண்ணோ, இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும்.

ஸ்டேஷனில் வாக்குமூலம் எழுதி வாங்கிவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா?

இல்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. மற்றத் துறை அதிகாரிகளுக்கு இது பொருந்துமா என்ற பல வருடச் சண்டையை 2020 அக்டோபரில் தூஃபான் சிங் வழக்கு முடித்துவைத்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. என்டிபிஎஸ் சட்டத்தின்கீழ் விசாரணை அதிகாரம் பெற்ற எல்லா அதிகாரிகளும் போலீஸ்தான், 67-ஆம் பிரிவில் அவர்கள் வாங்கும் ஒப்புதலை வைத்துத் தண்டிக்க முடியாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஆனாலும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாள் வாக்குமூலமாக மட்டும்தான் மாறும் என்று யார் சொன்னது?

பொட்டலத்தைப் போலீசே என் பாக்கெட்டில் வைத்துவிட்டால்?

அது என்ட்ராப்மென்ட் அல்ல, பொய் வழக்கு. இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். "நான் கொடுக்கவே இல்லை" என்பதும் "கொடுத்தேன், ஆனால் தூண்டிக் கொடுக்கவைத்தார்கள்" என்பதும் ஒரே வாயிலிருந்து வந்தால் நீதிபதி இரண்டையும் நம்ப மாட்டார். பொருள் வைக்கப்பட்டது என்றால் உடனே செய்ய வேண்டியது, விடுதியின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எழுத்தில் கேட்பது. பல இடங்களில் பதிவு சில நாட்களிலேயே தானாக அழிந்துவிடும். காரணமில்லாமல் சோதனையிட்டு அலைக்கழித்த அதிகாரிக்கு 58-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆயிரம் ரூபாயை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

விடுதி உரிமையாளர், டிஜே நடத்துபவர் எல்லோரும் மாட்டுவார்களா?

தெரிந்தே இடம் கொடுத்திருந்தால் உரிமையாளருக்கு 25-ஆம் பிரிவு. அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. தெரியாது என்றால் தெரியாதுதான், ஆனால் அதை நம்பவைக்க வேண்டும். இசையைப் பொறுத்தவரை, 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பெரும்பாலும் போலீஸ் உள்ளே வருவதற்கான முதல் காரணமே இந்தச் சத்தம்தான்.

இங்கிலாந்தில் 1994-இல் இரவு நடன விருந்துகளை அடக்க ஒரு சட்டம் போட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் தாளம் கொண்ட இசை என்று இசைக்கே அதில் விளக்கம் எழுதிவைத்தார்கள். நம்ம ஊர்க் கோயில் கொடையில் சிங்காரி மேளம் அடிப்பவர்கள் அந்த விளக்கத்தில் தப்பவே முடியாது.

பார்ட்டி களியக்காவிளை தாண்டி நடந்தது. அங்கே சட்டம் வேறா?

என்டிபிஎஸ் மத்தியச் சட்டம், இரு பக்கமும் ஒன்றே. கேரளத்தில் போலீசோடு எக்சைஸ் துறையும் இந்த வழக்குகளைப் பிடிக்கும். வழக்கு அந்த மாநில நீதிமன்றத்தில் நடக்கும், அலைச்சல் உங்களுக்கு. இங்கே நடந்து, உயர் நீதிமன்றம் வரை போனால் அது மதுரைக் கிளைக்குப் போகும். தமிழ்நாட்டில் கூடுதலாக, 1982-ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளி என்று ஒரு வகை உண்டு. விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். திரும்பத் திரும்ப வழக்கு விழுந்தவர்கள் இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

பையனுக்கு உண்மையிலேயே பழக்கம் இருக்கிறது. வக்கீலிடம் சொல்லலாமா?

முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவர் மீது, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு நடத்தாமல் விட 64ஏ பிரிவு வழிசெய்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை திரும்பப் பெறப்படும். மானம் போகும் என்று பெற்றோர் இதை மறைத்துவிடுகிறார்கள். வழக்கு முடிந்த பிறகுதான் எனக்கே தெரியவருகிறது. போதை மீட்பு உதவிக்கு 14446. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. இரண்டுக்கும் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் போடத் தயங்கினால், விடிந்ததும் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலிருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரே வந்துவிடுங்கள். வரும்போது பையனின் ஆதார் நகலையும், அவன் போனையும் எடுத்து வாருங்கள். போனில் எதையும் அழிக்காமல்.